சறுக்குப்பாறைக்குப் பிறகு

விழுந்தது எனக்கு நினைவில் இல்லை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

காணும் பொங்கலன்று செஞ்சியில் பாதி ஊர் கோட்டைக்குள்தான் இருக்கும். புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து, கல்யாண மகாலுக்கு எதிரே துணி விரித்து உட்காருவார்கள். பெரியவர்கள் சாப்பிட்டுச் சாய்ந்த பிறகு பிள்ளைகள் களஞ்சியத்துக்குப் பின்னால் ஓடிவிடுவோம். அங்கே சரிவாக ஒரு பாறை உண்டு. பாவாடையும் கால்சட்டையும் தேய்த்துத் தேய்த்து எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். சறுக்குப்பாறை என்போம். அறுபத்தேழாம் வருஷப் பொங்கலுக்கு எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. எனக்கு முன்னால் சறுக்கியவள் கீழே இன்னும் எழுந்திருக்கவில்லையாம். அவள் மேல் விழாமல் இருக்க நான் பக்கவாட்டில் திரும்பினேனாம். பின்மண்டை கல்லின் விளிம்பில் பட்டது. அந்தச் சத்தம் தேங்காய் விழுந்தது மாதிரி இருந்தது என்று அக்கா வெகுநாள் கழித்துச் சொன்னாள்.

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா நீ அதுல இல்ல" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் நானே எழுந்து உட்கார்ந்தேனாம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேனாம். அவள் சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். விளையாடுகிறேன் என்று நினைத்துத் தொடையில் கிள்ளினாள். அதற்கும் நான் கிழமைதான் கேட்டேன். ரத்தம் அதிகமில்லை. முடிக்குள் கொஞ்சம் பிசுபிசுத்தது, அவ்வளவுதான். பக்கத்துச் சுனையில் கழுவிவிட்டு என்னை நடத்திக் கூட்டிவந்தாள். வீட்டில் வந்து நான் வாந்தி எடுத்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள்.

நாங்கள் திருவண்ணாமலை ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்த காலனியில் இருந்தோம். நைனா நிலக்கடலை மண்டியில், எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டியில், மூட்டை தூக்கினார். அம்மா களையெடுக்கவும் அறுப்புக்கும் போவாள். நிலம் என்று எங்களுக்கு எதுவும் இல்லை. நைனா என்னைக் கடைவீதியில் ஊசி போடுகிற கம்பவுண்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் முடியை விலக்கிப் பார்த்து டிஞ்சர் வைத்தார். எலும்பு உடையவில்லை, வாந்தி நின்றுவிட்டது, நாளைக்கே ஓடி ஆடும் என்றார். நைனாவுக்கு நிம்மதியாக இருந்தது. வரும் வழியில் எனக்குப் பொரி உருண்டை வாங்கித் தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன் என்பது நினைவிருக்கிறது. விழுந்ததற்குப் பிறகு எனக்கு முதலில் நினைவில் நிற்பது அதுதான். கையில் ஒரு பொரி உருண்டை. தின்ன வேண்டும் என்று தோன்றவில்லை. வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

அது எப்படி இருந்தது என்று அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதும் முழுக்கச் சொல்ல வராது. குளத்தில் முங்கிக் குளித்து எழுந்தால் காதுக்குள் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். பேசுகிறவர்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள், குரல் மட்டும் தூரத்தில் கேட்கும். காதுக்கு மட்டும் அல்ல, எனக்கே அப்படி ஆகிவிட்டிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள், ஆனால் தூரத்தில் இருந்தாள். ஆடு குட்டி போட்டது. அக்கா என்னை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். குட்டி நனைந்திருந்தது, நின்றது, விழுந்தது. பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

ஆனால் வெளிச்சமும் சத்தமும் அப்படி இல்லை. அவை தூரத்தில் நிற்காமல் நேராக உள்ளே வந்தன. அந்த வருஷம் தேர்தல். காலையிலிருந்து பொழுது சாயும்வரை எங்கள் ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி. பாட்டு, பேச்சு, ஓட்டுப் போடுங்கள். ஊரே கொண்டாட்டமாக இருந்தது. பிள்ளைகள் காகிதக் கொடிகளுக்காக வண்டியின் பின்னால் ஓடினார்கள். நான் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் முகத்தைச் சுவரில் வைத்து உட்கார்ந்திருப்பேன். மண்சுவர் குளிர்ச்சியாக இருக்கும். அக்காவுக்கு அது பயமாக இருந்ததாம். அம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது. தண்ணீர்க் குடத்தை ஏன் பாதி வழியில் வைத்துவிட்டு வந்தாய் என்று கேட்பாள். எனக்குக் குடம் எடுத்துப்போனதே நினைவிருக்காது. ஒருநாள் அடுப்பில் கூழைக் கிண்டச் சொல்லிவிட்டுப் போனாள். அது தீய்ந்து, புகை கிளம்பி, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து இறக்கிய வரை நான் கரண்டியோடு அங்கேயே நின்றிருந்தேன். அம்மா அன்றைக்கு முதுகில் அடித்தாள்.

பள்ளிக்கூடத்தில் நான் முதல் பெஞ்சுக்காரி. வாய்ப்பாடு பதினாறு வரை நிறுத்தாமல் சொல்வேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர் இளவயதுக்காரர், திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். பெரிய ஆபீசர் யாராவது பார்வையிட வந்தால் என்னைத்தான் எழுப்புவார். பொங்கல் முடிந்து நான் போனபோது, புத்தகத்தில் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் போய்விட்டிருந்தது. மறுபடி தொடங்குவேன். மறுபடி போய்விடும். சிறிது நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் வலி ஆரம்பிக்கும். தலையைப் பெஞ்சில் வைத்துத் தூங்கிவிடுவேன். டீச்சர் முதலில் எழுப்பினார். பிறகு நிற்கவைத்தார். நான் திமிர் பிடித்துவிட்டேன் என்று நினைத்தார். அப்படி நினைக்க இடம் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். வரவில்லை. கையை நீட்டச் சொன்னார். ரூல்தடியால் அடித்தார். வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வலி என்னுடையது என்று தோன்றவில்லை. அடித்து முடித்த பிறகும் கை நீட்டியபடியே இருந்தது. எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சிவந்துபோன என் விரல்களை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். போய் உட்கார் என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகள் என்னை 'மரம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

நைனாவுக்குள் ஒரு பயம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. மண்டியில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் தலையில் மூட்டை சரிந்து விழுந்திருக்கிறது. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் நாளாக ஆகப் பேச்சு குழறி, சந்தையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்து, ஒருநாள் காணாமல் போய்விட்டார். என் மகளும் அப்படி ஆகிவிடுவாள் என்று நைனா நினைத்தார். கோட்டையில் எதையோ கண்டு பயந்திருக்கிறது, மலையனூர் தாயி சன்னதியில் நிறுத்தினால் விலகிவிடும் என்று காலனியில் எல்லோரும் சொன்னார்கள். மாசி அமாவாசை வந்தது. அன்றைக்கு மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். நைனா வேலைக்குப் போகாமல் என்னைக் கூட்டிப்போனார், அம்மாவும் வந்தாள்.

பகல் பொழுதுதான். வெயில் காய்ந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்தே தரை தெரியாத கூட்டம். பம்பையும் உடுக்கையும் நாலு பக்கத்திலிருந்தும் கேட்டன. சாமி வந்து ஆடுகிறவர்கள், காளி வேஷம் கட்டியவர்கள், நாக்கில் எலுமிச்சம்பழம் குத்தியவர்கள். நைனா என்னை முன்னால் நிறுத்தி, கூட்டம் நெருக்காமல் இரண்டு கையாலும் அணை கட்டியபடி தள்ளிக்கொண்டு போனார். பம்பைக்காரர் ஒருவரை அழைத்து என் எதிரில் நிறுத்தினார்கள். அவர் என் முகத்துக்கு நேராக அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு அடியும் பின்மண்டையில் அதே இடத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் சேலையில் வாந்தி எடுத்தேன். பிறகு கண் இருட்டியது. சாமி இறங்கிவிட்டது என்று யாரோ சொன்னது மட்டும் கேட்டது.

நைனா தினமும் மூட்டையை முதுகில் தூக்குகிறவர். அன்றைக்கு என்னை முதுகில் போடவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் அவர் நெஞ்சு வேகமாக அடித்தது. அது என் காதுக்குள் கேட்டது, அது கூட எனக்கு அதிகச் சத்தமாகத்தான் இருந்தது.

வந்த பிறகு பல நாள் எழுந்திருக்கவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் காலையில் அவள் நைனாவிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"வெள்ளிக்கிழம சந்தை அன்னிக்கு மாதா கோயிலாண்ட ஒரு டாக்டரம்மா வருதாம். நா கூட்டிக்கினு போறேன்."

"அவங்க இன்னா பண்ணப் போறாங்க?"

"ஒண்ணும் பண்ணலன்னா போவுது. நீ சும்மா இருய்யா" என்றாள் அம்மா.

அது தர்மாஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடத்தில் ஒரே அறை. சந்தைக்கு வருகிற ஜனங்கள் அப்படியே அங்கேயும் வந்து நிற்பார்கள். எங்கள் முறை வந்தபோது டாக்டரம்மா முதலில் ஜன்னல் கதவைச் சாத்தச் சொன்னார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். சின்ன டார்ச்சால் கண்ணில் அடித்துப் பார்த்தார். ஒரு காலின் குதியை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, விழுவதற்கு முன்னால் இவள் எப்படி இருந்தாள் என்று கேட்டார்.

அதை அதுவரை யாரும் கேட்கவில்லை. அம்மா பேச ஆரம்பித்தாள். வாயாடி, ஓட்டக்காரி, அக்காவோடு ஓயாமல் சண்டை, கணக்கில் முதல். சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. நான் அவள் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பைத்தியம் புடிச்சிருமாம்மா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லம்மா. மூளை குலுங்கியிருக்கு. கை சுளுக்கினா என்ன பண்ணுவீங்க?"

"கட்டுப் போட்டு ஆட்டாம வெப்போம்."

"தலைக்குள்ள கட்டுப் போட முடியாது. அதனால நீங்கதான் ஆட்டாம வெச்சுக்கணும்."

பிறகு என்னைப் பார்த்து, உனக்கு என்ன பண்ணுகிறது என்று கேட்டார். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். யோசித்து, "எதுவுமே பண்ணல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் தாடையைத் தொட்டு, அதுவும் அடியோடு சேர்ந்ததுதான், அதுவும் போய்விடும், கடைசியாகப் போகும் என்றார்.

மருந்து என்று எதுவும் எழுதவில்லை. அம்மா அதற்கே கவலைப்பட்டாள், மருந்து இல்லாத நோய் என்றால் தீராத நோய் என்று அவளுக்கு எண்ணம். டாக்டரம்மா சொன்னதெல்லாம் செய்கிற காரியங்கள். வெயிலும் கூட்டமும் வேண்டாம். மேளம் இருக்கிற இடம் வேண்டவே வேண்டாம். தலையில் எதையும் தூக்கக் கூடாது, குடம்கூட. இன்னொரு தடவை அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் படுக்கையிலேயே போட்டுவிடவும் கூடாது. தினமும் சின்னச் சின்ன வேலை, ஒரு நேரத்தில் ஒன்றுதான். தலைவலி வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். ஞாபகம் இருக்கிறதா, ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். மாசக்கணக்கில் ஆகலாம், பயப்படாதீர்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அத்தனையையும் ஒரு தடவை கேட்டு மனசில் வைத்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

என்னைத் தனியே விட முடியாது. அடுப்பு இருக்கிறது, ரோடு இருக்கிறது. அம்மா வேலைக்குப் போகாமல் இருந்தால் வீடு நடக்காது. இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. மறு வாரம் காலையில் அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல், அம்மாவின் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, பழைய சோற்றுத் தூக்கோடு மற்றப் பெண்களின் பின்னால் மல்லாட்டைக் கொல்லைக்குப் போனாள். ஏழாம் வகுப்பு. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. நான் வாசல் நிழலில் உட்கார்ந்து அவள் போவதைப் பார்த்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதைத்தான் எழுதுகிறேன், தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது சேர்த்து எழுத முடியாது.

அம்மா வாசலில் தன் பழைய சேலையை இரண்டு மடிப்பாக மடித்துத் தொங்கவிட்டாள். உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. காலையில் கேழ்வரகில் கல் பொறுக்கத் தருவாள். முறத்தில் ஒரு பிடி மட்டும் போடுவாள். நான் பொறுக்குவேன். அவள் தன் வேலையைப் பார்ப்பது போலவே என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் புருவம் கொஞ்சம் சுருங்கியதும் முறத்தை வாங்கிக்கொள்வாள். வீட்டில் கடிகாரம் கிடையாது, என் புருவம்தான் அவளுக்குக் கடிகாரம். பிறகு படுக்க வைப்பாள். எழுந்ததும் வேப்பமரம் வரை நடத்திக் கூட்டிப்போவாள். அடுத்த வாரம் கிணறு வரை. ஒரு பிடி கேழ்வரகு இரண்டு பிடி ஆனது. ஒருநாள் அவசரப்பட்டு இரண்டு வேலையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க எனக்கு வலி. மறுநாள் மறுபடி ஒரு பிடியிலிருந்து தொடங்கினாள். அலுத்துக்கொள்ளவில்லை. அலுத்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

பள்ளிக்கூடத்துக்கு அம்மா போன அன்று என்னையும் கூட்டிப்போயிருந்தாள். வகுப்புக்கு வெளியே, தூணுக்குப் பக்கத்தில் நின்று டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். சுளுக்கு, கட்டு, ஆட்டக் கூடாது. டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். என் கைவிரல்களைப் பார்த்தார்.

"நான் அடிச்சிட்டேம்மா" என்றார்.

"நானுந்தான் அடிச்சேன்" என்றாள் அம்மா.

பிறகு டீச்சர் காரியத்தில் இறங்கினார். பிரேயர் முடிந்து சத்தம் அடங்கிய பிறகு நான் வந்தால் போதும். முதல் பீரியடு மட்டும். ஜன்னல் வெளிச்சம் படாத மூலையில் இடம். தலை கனத்தால் கேட்காமலேயே வராந்தாவில் போய்ப் படுத்துக்கொள்ளலாம், அங்கே ஒரு சாக்கு விரித்துவைக்கச் சொல்கிறேன். எழுத வேண்டாம், காதால் கேட்டால் போதும். பக்கத்தில் உட்காருகிறவள் மெல்லிய குரலில் பாடத்தைப் படித்துக் காட்டுவாள். முழுப் பரீட்சை பற்றி அம்மா கேட்டதற்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது தெரியாது. ஜூன் மாதம் என் பெயர் ஆறாம் வகுப்பில் இருந்தது.

'மரம்' என்று கூப்பிடுவதும் நின்றது. டீச்சர் ஒருநாள் நான் இல்லாத நேரத்தில் பிள்ளைகளிடம் ஏதோ பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் வராந்தாவுக்கு எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. தேர்தல் எப்போதோ முடிந்து, ஒலிபெருக்கிகள் போய்விட்டிருந்தன. வெயிலில் கோட்டை மலை ராஜகிரி வெள்ளையாகத் தெரியும், அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடக்கப் பழகியிருந்தேன். தலைவலி குறைந்துகொண்டு வந்தது. குடத்தைப் பாதி வழியில் மறக்கிற மறதியும் குறைந்தது. குடம் தூக்கவிடவில்லை, சொம்புதான். ஆனால் அந்தத் தூரம் மட்டும் அப்படியே இருந்தது. அம்மா தலை வாரிவிடுவாள். அக்கா கொல்லையிலிருந்து வந்து என் பக்கத்தில் படுப்பாள், அவள் மேல் மண்வாசமும் வேர்வை வாசமும் அடிக்கும். நைனா மண்டியிலிருந்து வரும்போது கமர்கட் கொண்டுவருவார். இவர்கள் எனக்குச் செய்கிறார்கள் என்பது தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

மல்லாட்டை பிடுங்குகிற நாட்களில் ஒரு சாயங்காலம் அது நடந்தது. அம்மா எனக்கென்று ஒரு துண்டு வெல்லத்தை உறியில் வைத்திருந்தாள். அக்கா பகல் முழுக்க வெயிலில் குனிந்து பிடுங்கிவிட்டு வந்தாள். கை நகங்களுக்குள் மண். வந்தவள் முகம்கூடக் கழுவாமல் உறியில் கையைவிட்டு அந்த வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்தேன். வயிற்றிலிருந்து சூடாக ஏதோ கிளம்பி மேலே வந்தது. என்ன என்று புரிவதற்குள் நான் அவள் முடியைப் பிடித்திருந்தேன். என் வெல்லம், என் வெல்லம் என்று கத்தினேன். அவள் என்னைக் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையோடு அவளுக்கு என் தலை நினைவு வந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. அவள் தோளைக் கடித்தேன்.

"எல்லாமே உனுக்குத்தான்" என்றாள் அக்கா. "எல்லாமே உனுக்குத்தான், ஒரு வெல்லங்கூட எனுக்கு இல்லியா?"

அவள் அழ ஆரம்பித்தாள். அம்மா அடுப்படியில் இருந்தவள் விலக்கிவிட வரவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து நைனா உள்ளே வந்தார். என்ன என்று கேட்டார்.

"சண்ட போடுது" என்றாள் அம்மா. "உம் பொண்ணு சண்ட போடுதுய்யா."

நைனா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அம்மா இரண்டு துண்டு வெல்லம் வாங்கிவந்தாள்.

முதலில் வந்தது கோபம்தான். மற்றவை அதன் பின்னால் ஒழுங்கில்லாமல் வந்தன. பயம் வந்தது, மாட்டு வண்டிக்குக்கூடப் பயந்தேன். பிறகு சிரிப்பு. வெட்கம் நெடுநாள் கழித்து. அழுகை வரவில்லை. டாக்டரம்மாவிடம் இன்னும் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை போனோம். சண்டை போட்டதை அம்மா சொன்னபோது அவர் முதன்முதலாகச் சிரித்தார். மழைக்காலத்துக்குப் பிறகு அவர் வருவது நின்றுவிட்டது. வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அரைநாள் போனேன். ஆயுத பூஜைக்குப் பிறகு முழுநாள். அடுத்த பொங்கல் வருவதற்குள் பார்க்கிறவர்களுக்கு நான் பழைய பிள்ளைதான். எனக்குத் தெரியும், இல்லை என்று. வாய்ப்பாடு திரும்பி வந்தது, ஆனால் யோசித்துத்தான் வந்தது. முன்பு கேட்பதற்கு முன்னாலேயே வாய்க்குள் நின்ற விடையை இப்போது தேடிப்போய் எடுத்துவர வேண்டியிருந்தது. முதல் பெஞ்சுக்கு நான் திரும்பவில்லை. நடுப் பெஞ்சில் உட்கார்ந்து, நடுவாகப் படித்து, நடுவாகத் தேறினேன். ஆனால் படித்தேன்.

அக்கா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஜூனில் போகச் சொன்னதாகவும் அவள்தான் மாட்டேன் என்றதாகவும் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் கேட்கவே இல்லை என்று அக்கா சொல்வாள். இரண்டில் எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஜூனில் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆனால் பாதிதான் இருந்தேன்.

எஸ்எஸ்எல்சி முடித்துத் திண்டிவனத்தில் தட்டச்சுப் படித்தேன். விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஒரே அறையில் பல இயந்திரங்கள் ஒன்றாக அடித்துக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டர் வரும்வரை அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தேன். தலை வலிக்கவில்லை. நடுப்பகல் வெயிலுக்கு மட்டும் இன்றைக்கும் கண் கூசும். அக்காவை மேல்மலையனூர்ப் பக்கம் கொடுத்தார்கள். அமாவாசைக் கூட்டத்துக்குப் பூவும் எலுமிச்சம்பழமும் விற்றே இரண்டு பெண்களைப் படிக்கவைத்தாள்.

அம்மா வேறொரு காரியம் செய்தாள். நான் வேலைக்குப் போய்ச் சில வருஷம் கழித்துக் காலனியில் ஒரு சின்னப் பெண் மாட்டு வண்டியிலிருந்து விழுந்தாள். அடியெல்லாம் ஆறிவிட்டது, ஆனால் அது எங்கேயாவது உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தது. அம்மா யாரும் கூப்பிடாமல் அந்த வீட்டுக்குப் போனாள். வாசலில் சேலை கட்டச் சொன்னாள். குடம் தூக்கவிடாதே என்றாள். மலையனூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றவர்களிடம், ஆறு மாசம் கழித்துப் போய்க் கும்பிட்டுக்கொள்ளுங்கள், தாயி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றாள். அதன் தாயோடு பள்ளிக்கூடத்துக்கும் போய் வாத்தியாரிடம் பேசிவிட்டு வந்தாளாம். அந்தப் பெண் தேறிவிட்டதாக எனக்குச் சொன்னபோது அவள் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. களையெடுத்துவிட்டு வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

நைனா இறந்தபோது நான் அழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வரும் என்று காத்திருந்தேன், காரியம் முடிகிறவரை வரவில்லை. பல மாதம் கழித்து அலுவலகத்தில் தாளைச் சொருகிக்கொண்டிருந்தபோது காரணம் இல்லாமல் வந்தது. வந்தது நிற்கவில்லை. பக்கத்து மேஜைக்காரி என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அடிபட்டதாலா, அல்லது நான் இயல்பிலேயே இப்படித்தானா என்று யாரால் சொல்ல முடியும்?

போன வருஷம் அக்கா என்னோடு சில நாள் தங்கிவிட்டுக் கிளம்பினாள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் படிப்பு என்னால்தானே போனது என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுக் கேட்டது அப்போதுதான்.

அவள் பையைச் சரிசெய்துகொண்டே யோசித்தாள்.

"போச்சுதான்" என்றாள். "இல்லன்னு சொல்லணுமா? போச்சு. ஆனா உன்ன அப்படியே உட்டிருந்தா நா படிச்சி இன்னாத்துக்கு?"

மேல்மலையனூர் பஸ் வந்து நின்றது. ஜன்னல் ஓரத்தில் இடம் பிடிக்க அவள் முன்னால் போனாள்.